சேமிப்புக் கணக்கில் விடை 197 மாதமா, 17 மாதமா? கூட்டுத் தொடரில் ஒரு சந்தேகம்

மாடிப்படி:

வணக்கம். கூட்டுத் தொடர் பாடத்தில், அதாவது ஒரே அளவில் ஏறும் எண் வரிசைகளில், என் மகளுக்கு வந்த ஒரு வார்த்தைக் கணக்கு இது.

"ஒருவர் முதல் மாதம் 200 ரூபாய் சேமிக்கிறார். அடுத்தடுத்த மாதங்களில் முந்தைய மாதத்தைவிட 50 ரூபாய் அதிகமாகச் சேமிக்கிறார். எத்தனை மாதங்களில் அவரிடம் 10,000 ரூபாய் சேரும்?"

அவள் கண்ட விடை 197. வரிவரியாகப் பார்த்துவிட்டேன், கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. விடைப் பக்கத்தில் 17 என்று இருக்கிறது. இன்னொரு சூத்திரத்தில் போட்டால் 16.8 வருகிறது. 17 எங்கிருந்து வந்தது?

அதைவிட முக்கியமான கேள்வி: ஒரு மாதத் தொகைக்கு ஒன்று, மொத்தத் தொகைக்கு ஒன்று என்று இருக்கும் இரண்டு சூத்திரத்தில் எதை எப்போது எடுப்பது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? "கூடுதல், அதாவது மொத்தம், கேட்டால் இது" என்று சொல்லிப் பார்த்தேன். கணக்கில் கூடுதல் என்ற சொல்லே இல்லையே என்கிறாள். நியாயம்தான்.

சுண்ணக்கட்டி:

உங்கள் மகள் கேட்பது சரியான கேள்வி. சொல்லைத் தேடிச் சூத்திரம் எடுக்கும் பழக்கத்தை இப்போதே விட்டால் நல்லது. முதலில் இந்த மூன்று வரிசைகளை எழுதச் சொல்லுங்கள்:

மாதம்: 1, 2, 3, 4, 5
இந்த மாதம் போட்டது: 200, 250, 300, 350, 400
இதுவரை சேர்ந்தது: 200, 450, 750, 1,100, 1,500

இப்போது கேளுங்கள்: கணக்கில் வரும் 10,000 இரண்டாவது வரிசையில் வரவேண்டிய எண்ணா, மூன்றாவது வரிசையில் வரவேண்டியதா? "அவரிடம் சேரும்" என்பதால் மூன்றாவது. அவள் கண்ட 197 தவறான எண் அல்ல. "எந்த மாதத்தில் அவர் ஒரே தவணையாக 10,000 போடுவார்?" என்று யாராவது கேட்டால் அதற்கு அதுதான் விடை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவே.

முதல் மாதத்தில் மட்டும் இரண்டு வரிசையிலும் ஒரே எண் இருப்பதைக் கவனியுங்கள். குழப்பம் அங்கேதான் உள்ளே நுழைகிறது.

சரி, இந்த இழை முழுக்கச் சுருக்கமாக எழுத வசதியாக இப்படி வைத்துக்கொள்கிறேன்: மு என்றால் முதல் உறுப்பு, வி என்றால் பொது வித்தியாசம் (ஒவ்வொரு முறையும் கூடும் தொகை), எ என்றால் உறுப்புகளின் எண்ணிக்கை.

எ ஆவது மாதம் போட்டது = மு + (எ − 1) × வி
எ மாதங்களில் சேர்ந்தது = (எ ÷ 2) × [2மு + (எ − 1) × வி]

மு = 200, வி = 50 என்று இரண்டாவதில் போட்டால் 25எ² + 175எ = 10,000. இருபுறமும் 25ஆல் வகுத்தால் எ² + 7எ − 400 = 0. இருபடிச் சமன்பாட்டின் ஒரு மூலம் 16.8, இன்னொன்று −23.8. மாதங்களின் எண்ணிக்கை எதிர்மமாக இருக்காது என்பதால் இரண்டாவதை விட்டுவிடலாம்.

17 எங்கிருந்து வந்தது என்றால், அவர் மாதம் ஒரு முறைதான் பணம் போடுகிறார். 16 மாதம் முடிந்தால் கையில் 9,200. 17ஆவது தவணை 1,000 விழுந்ததும் 10,200. நடுவில் வேறு தொகை கிடையாது. 10,000ஐ முதன்முதலில் தொடுவது அல்லது தாண்டுவது 17ஆவது மாதத்தில்.

எண்ணிப்பார்:

சுண்ணக்கட்டி ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சூத்திரத்துக்குப் போகும் முன் ஒரு குத்துமதிப்பு போட வேண்டும். அவர் தவணையைக் கூட்டவே இல்லை, எல்லா மாதமும் 200தான் என்று வைத்தால்கூட 50 மாதத்தில் 10,000 வந்துவிடும். கூட்டிக்கொண்டே போகிறார் என்றால் 50க்கு முன்பே வந்தாக வேண்டும். அப்புறம் 197 எப்படி நிற்கும்? பேனாவைத் திறப்பதற்கு முன்பே அந்த விடை செத்துவிடுகிறது.

தேர்வு அறையில் என்னைக் காப்பாற்றியது சூத்திரத்தைவிட இந்த வேலிதான்.

இரவுப்பூனை:

நான் கல்லூரி முதலாண்டு. ஒரு குட்டிக் கேள்வி. 17ஆம் மாதம் 1,000 போடுகிறார். அப்போது தேவைப்படுவது 800 மட்டும். 800 ÷ 1,000 = 0.8. அதனால்தான் 16.8 வந்ததா? அப்படியானால் "16 மாதமும் 24 நாளும்" என்று எழுதலாமே!

சுண்ணக்கட்டி:

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள், ஆனால் கால்குலேட்டரில் இன்னும் இரண்டு இலக்கம் தள்ளிப் பாருங்கள். எ² + 7எ − 400 = 0 என்பதைத் தீர்க்கும்போது வர்க்கமூலத்துக்குள் வருவது 7² + 4 × 400 = 1649. அதன் வர்க்கமூலம் 40.6079. அதில் 7 கழித்து 2ஆல் வகுத்தால் 16.804. சரியாக 0.8 வரவில்லை.

காரணம் இது: நீங்கள் 16க்கும் 17க்கும் நடுவே நேர்கோடு இழுத்தீர்கள். சூத்திரம் இழுப்பது பரவளையம், அதாவது போகப் போகச் செங்குத்தாக ஏறும் வளைகோடு. முழு எண்களில் மட்டும் இரண்டும் சேரும், நடுவில் பரவளையம் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே தொங்கும். அதனால் 10,000ஐத் தொட அதற்குச் சற்றுக் கூடுதல் தூரம் வேண்டும். உண்மையில் நடப்பதோ இரண்டும் இல்லை, படிக்கட்டு. தவணை விழும் நாளில் மட்டும் ஏறும், மற்ற நாளெல்லாம் சமதரை. ஆகவே 24 நாள் என்பதற்குப் பொருளே இல்லை. விடை 17.

அரைக்கணக்கு:

எனக்கு இந்த 2மு + (எ − 1)வி எப்போதும் மறந்துபோகும். அதனால் நான் மனதில் வைத்திருப்பது ஒன்றே ஒன்று: சராசரித் தவணை × மாதங்கள். தவணைகள் ஒரே சீராக ஏறுவதால் சராசரி என்பது முதலுக்கும் கடைசிக்கும் சரிபாதி.

16 மாதம் என்றால் கடைசித் தவணை 200 + 15 × 50 = 950. சராசரி (200 + 950) ÷ 2 = 575. 575 × 16 = 9,200. அடுத்த தவணை 1,000, மொத்தம் 10,200. முடிந்தது. இருபடிச் சமன்பாட்டை விரித்து எழுத நேரமில்லாத இடத்தில் 15, 16, 17 என்று மூன்று எண்களை இப்படிச் சோதித்தாலே போதும்.

இரவுப்பூனை:

முதலையும் கடைசியையும் ஜோடி சேர்த்துக் கூட்டுவதுதானே இது? ஆனால் 17 மாதம் என்றால் ஜோடி சேராமல் ஒன்று நடுவில் நிற்குமே. எ ÷ 2 என்றால் எட்டரை ஜோடியா?

அரைக்கணக்கு:

ஒரே வரிசைக்குள் ஜோடி சேர்க்காதே தம்பி. வரிசையை இரண்டு முறை எழுது. மேலே 200, 250, … 1,000. அதற்கு நேர் கீழே தலைகீழாக 1,000, 950, … 200. மேலும் கீழும் கூட்டினால் எல்லா இடத்திலும் 1,200. 17 இடம், ஆக 20,400. வரிசையை இரண்டு முறை எழுதியதால் பாதி எடு, 10,200. ஒற்றைப்படை, இரட்டைப்படை என்ற பேச்சே வராது. ஜோடிதான் வேண்டும் என்றாலும் தப்பில்லை. நடுவில் தனியாக நிற்கும் 9ஆவது தவணை 600. அது 1,200இல் சரிபாதி, அதாவது உன் அரை ஜோடி.

இந்த இடத்தில் எல்லோரும் பின்னாளில் பெரிய கணிதமேதையான சிறுவன் காஸ் 1 முதல் 100 வரை நொடியில் கூட்டிய கதையைச் சொல்வார்கள். காஸ் 1855இல் இறந்தார். அடுத்த ஆண்டு வந்த அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் பள்ளிக்கூடச் சம்பவம் இருக்கிறது, ஆனால் 1 முதல் 100 என்ற எண்கள் அதில் இல்லை. பின்னால் கதை சொன்னவர்கள் சேர்த்தது அது. 5,050 என்ற விடை என்னவோ சரிதான்!

ஏட்டுச்சுரை:

காஸ் வரைக்கும் போவானேன்? கி.பி. 499இல் ஆர்யபடர் எழுதிய ஆர்யபடீயத்தில், கணிதபாதம் என்ற கணக்குப் பகுதியின் 19ஆவது சுலோகத்திலேயே சராசரி × எண்ணிக்கை என்ற வழியும், முதலும் கடைசியும் கூட்டிப் பாதி எண்ணிக்கையால் பெருக்கும் வழியும் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது அடுத்த சுலோகம். கூடுதல் தெரியும், எத்தனை உறுப்புகள் என்று தெரியாது, எப்படிக் கண்டுபிடிப்பது? மாடிப்படி கேட்ட கேள்வி அப்படியே அதுதான்.

வழிமுறையை இந்தக் கணக்கின் எண்களோடு எழுதுகிறேன். கூடுதலை 8ஆலும் பொது வித்தியாசத்தாலும் பெருக்கு: 10,000 × 8 × 50 = 40,00,000. முதல் உறுப்பின் இருமடங்குக்கும் வித்தியாசத்துக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்திச் சேர்: 350 × 350 = 1,22,500. மொத்தம் 41,22,500. வர்க்கமூலம் 2,030.4. அதில் முதல் உறுப்பின் இருமடங்கான 400ஐக் கழி: 1,630.4. வித்தியாசத்தால் வகு: 32.608. ஒன்று சேர்: 33.608. பாதியாக்கு: 16.804.

சமன்பாட்டுக் குறியீடு ஏதும் இல்லாமல், செய்யுளில் வைத்து ஆர்யபடர் இதைச் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கும்போது கொஞ்சம் கிறுகிறுக்கத்தான் செய்கிறது.

மாடிப்படி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வரிசை எழுதும் முறை அவளுக்கு உடனே பிடித்துவிட்டது. அதே கணக்கில் இன்னும் இரண்டு உட்பிரிவுகள் இருக்கின்றன. (அ) அவரிடம் ஏற்கெனவே 1,000 ரூபாய் இருந்தால்? (ஆ) மூன்றாம் ஆண்டில் மட்டும் அவர் சேமித்தது எவ்வளவு?

முதல் உட்பிரிவுக்கு மு = 1,000 என்று வைத்தால் 9 மாதம் வருகிறது. சரியா?

சுண்ணக்கட்டி:

மு = 1,000 என்று வைத்தால் அடுத்த மாதம் 1,050 போடுகிறார் என்று பொருளாகிவிடும். ஆனால் ஏற்கெனவே இருக்கும் பணம் தவணை இல்லை, அது வரிசைக்கு வெளியே நிற்கிறது. இலக்கிலிருந்து கழித்துவிடுங்கள்: இனிமேல் சேர வேண்டியது 9,000. எ² + 7எ − 360 = 0, எ = 15.79, ஆக 16 மாதம். சரிபார்ப்பு: 9,200 + 1,000 = 10,200.

வேடிக்கை என்ன என்றால், ஆயிரம் ரூபாய் முன்னால் இருந்தும் ஒரே ஒரு மாதம்தான் மிச்சமாகிறது. கடைசியில் தவணை பெரிதாகிவிடுவதால் ஆயிரம் என்பது அப்போது ஒரு மாதத் தவணை.

(ஆ) மூன்றாம் ஆண்டு என்றால் 25 முதல் 36 வரையிலான மாதங்கள். 36 மாதக் கூடுதல் 38,700. 24 மாதக் கூடுதல் 18,600. கழித்தால் 20,100. பலர் 25 மாதக் கூடுதலைக் கழித்து 25ஆவது தவணையைத் தொலைத்துவிடுவார்கள். அரைக்கணக்கின் சராசரி வழியிலும் பாருங்கள்: 25ஆவது தவணை 1,400, 36ஆவது 1,950, சராசரி 1,675, அதை 12ஆல் பெருக்கினால் அதே 20,100.

எண்ணிப்பார்:

சராசரி வழி இன்னொரு வகைக் கணக்கில் பிரமாதமாக வேலை செய்யும். "முதல் 6 மாதத்தில் 4,500 சேர்ந்தது, 12 மாத முடிவில் 12,600 சேர்ந்தது. முதல் தவணை என்ன, மாதாமாதம் எவ்வளவு கூட்டினார்?"

புத்தக வழி இரண்டு சமன்பாடு எழுதி நீக்குவது. வாய்க்கணக்கு வழி: முதல் அரையாண்டுச் சராசரி 750. இரண்டாம் அரையாண்டில் சேர்ந்தது 8,100, சராசரி 1,350. இரண்டு சராசரிகளுக்கும் நடுவே 6 மாத இடைவெளி, வேறுபாடு 600, ஆக மாதம் 100 ஏற்றம். 750 என்பது மூன்றரையாவது இடத்தின் தவணை. இரண்டரை இடம் பின்னால் போனால் 500. அதுதான் முதல் தவணை.

இங்கேயும் வலை உண்டு. 12,600 என்பது இரண்டாம் அரையாண்டில் மட்டும் சேர்ந்தது என்று படித்தால் எல்லாம் கவிழ்ந்துவிடும். "முடிவில்" என்ற ஒரு சொல்லில்தான் கணக்கே இருக்கிறது.

இரவுப்பூனை:

தவணை குறைந்துகொண்டே போனால்? இதைப் பாருங்கள்: முதல் மாதம் 1,200, மாதாமாதம் 75 குறைவு. எப்போது 9,450 சேரும்? எனக்கு இரண்டு விடை வருகிறது, 12, 21. இரண்டுமே நேர்மம், இரண்டுமே முழு எண். எதைத் தூக்கிப் போடுவது? எதிர்ம விடையைத் தள்ளுவது சுலபம், இது அப்படி இல்லையே.

அரைக்கணக்கு:

பெரியதைத் தள்ளிவிடு. முதலில் எப்போது சேர்ந்தது என்பதுதானே கேள்வி.

இரவுப்பூனை:

தள்ளலாம் அண்ணே, ஆனால் 21 ஏன் வந்தது என்று தெரியாமல் தள்ளினால் தூக்கம் வராது. 12 மாதத்தில் 9,450 சேர்ந்துவிட்டது. அதற்கு மேலும் ஒன்பது மாதம் போட்டால் தொகை கூடித்தானே ஆக வேண்டும்? எப்படி அதே 9,450?

சுண்ணக்கட்டி:

12க்குப் பிறகு வரும் தவணைகளை எழுதிப் பாருங்கள். 13ஆவது மாதம் 300, பிறகு 225, 150, 75, 17ஆவது மாதம் 0. சூத்திரத்துக்கு அங்கே நிற்கத் தெரியாது. 18ஆவது மாதம் −75, பிறகு −150, −225, 21ஆவது மாதம் −300. ஒன்பதையும் கூட்டினால் பூச்சியம். அதாவது 17ஆவது மாதத்துக்கு மேல் அவர் பணம் போடவில்லை, எடுக்கிறார். ஏறியபோது 9,450ஐக் கடந்தவர் இறங்கும்போது மீண்டும் அதே 9,450ஐக் கடக்கிறார்.

ஆகவே, 21 செல்லுமா என்பது கணக்கின் வாசகத்தைப் பொறுத்தது. "மாதாமாதம் சேமிக்கிறார்" என்றிருந்தால் வரிசை 17ஆவது மாதத்தோடு முடிந்தது, 12 மட்டுமே விடை. "கணக்கில் வரவு மாதம் 75 குறைகிறது, பூச்சியத்துக்குக் கீழே போனால் செலவு" என்றிருந்தால் இரண்டுமே விடை.

இன்னொன்றும் பாருங்கள். இவரால் அதிகபட்சம் சேர்க்க முடிவது 16 அல்லது 17 மாதத்தில் கிடைக்கும் 10,200. இலக்கு 12,000 என்று கொடுத்திருந்தால் வர்க்கமூலத்துக்குள் எதிர்ம எண் வந்து நிற்கும். மாணவர்கள் அதைக் கண்டதும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். அழிக்க வேண்டாம். "இந்தத் திட்டத்தில் 12,000 ஒருநாளும் சேராது" என்று கணக்கு தெளிவாகச் சொல்லிவிட்டது.

வட்டிக்கணக்கு:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் பல காலம் வைப்புத்தொகைப் பிரிவில் வேலை பார்த்தவன். நீங்கள் எல்லோரும் பணத்தை உண்டியலில் போடுவதுபோல் பேசுகிறீர்கள். வட்டி என்று ஒன்று வந்தால் இந்தக் கூட்டுத் தொடர் என்ன ஆகும்?

ஏட்டுச்சுரை:

வட்டி வந்தால் கூட்டுத் தொடர் செத்தது, ஒரே விகிதத்தில் பெருகும் பெருக்குத் தொடர் பிழைத்தது. வேறென்ன?

வட்டிக்கணக்கு:

அவ்வளவு அவசரம் வேண்டாம். தனிவட்டியாக இருந்தால் கூட்டுத் தொடர் இன்னும் அழகாக வரும், அதுவும் எதிர்பாராத இடத்தில்.

மாதம் 1,000 வீதம் 12 தவணை, ஒவ்வொன்றும் மாதத் தொடக்கத்தில். ஆண்டு வட்டி 6 விழுக்காடு, மாதத்துக்கு அரை விழுக்காடு, அதாவது ஆயிரத்துக்கு 5 ரூபாய். தவணை எல்லாம் சமம், அதில் தொடர் எதுவும் இல்லை. ஆனால் முதல் தவணை 12 மாதம் வட்டி ஈட்டும், இரண்டாவது 11 மாதம், கடைசித் தவணை 1 மாதம். 12 + 11 + … + 1 = 78. வட்டி 78 × 5 = 390 ரூபாய். தொடர் பணத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது.

இந்த 78 தொழிலில் பிரபலமான எண். ஓராண்டுக் கடனில் மொத்த வட்டியை 78 பங்காக்கி முதல் மாதத்துக்கு 12 பங்கு, அடுத்த மாதத்துக்கு 11 பங்கு என்று பிரிக்கும் முறைக்கு 78 விதி என்றே பெயர். அதில் முதல் மூன்று மாதத்திலேயே 33 பங்கு வட்டி போய்விடும். கடனை முன்கூட்டியே அடைப்பவருக்கு அது பாதகமான முறை. என் கருத்தைக் கேட்டால், கூட்டுத் தொடர் படித்த எவரும் அந்த ஒப்பந்தத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து போட மாட்டார்கள்.

இப்போது கூட்டுவட்டி. அதே தவணைகளுக்கு மாதாமாதம் வட்டியை முதலோடு சேர்த்தால் ஓராண்டு முடிவில் வட்டி 397 ரூபாய். தனிவட்டியைவிட 7 ரூபாய்தான் அதிகம். ஆகவே ஓராண்டுக் கணக்கை 78ஐ வைத்து வாயாலேயே போட்டுவிடலாம். ஆனால் 10 ஆண்டு, 120 தவணை என்றால் 120 + 119 + … + 1 = 7,260, தனிவட்டி 7,260 × 5 = 36,300. கூட்டுவட்டியில் சுமார் 44,700. எட்டாயிரத்துக்கு மேல் வித்தியாசம். அங்கே கூட்டுத் தொடரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டக் கூடாது, ஏட்டுச்சுரை சொன்ன பெருக்குத் தொடர்தான்.

மாடிப்படி:

வார்த்தைக் கணக்கில் கூட்டுத் தொடர் எது, பெருக்குத் தொடர் எது என்று எப்படிப் பிரிப்பது? அடுத்த கேள்வி இதுவாகத்தான் இருக்கும், முன்கூட்டியே கேட்டுவிடுகிறேன்.

சுண்ணக்கட்டி:

"மாதம் 50 ரூபாய் அதிகம்" என்றால் கூட்டு. "மாதம் 5 விழுக்காடு அதிகம்" என்றால் பெருக்கு. ஆனால் "முதல் மாதச் சேமிப்பில் 5 விழுக்காடு வீதம் மாதாமாதம் அதிகம்" என்றால் மறுபடி கூட்டு, ஏனென்றால் அந்த 5 விழுக்காடு எப்போதும் ஒரே தொகை. விழுக்காடு என்ற சொல்லைப் பார்த்ததும் பாயாமல், எதில் விழுக்காடு என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் மூன்று தவணை எழுதிப் பார்ப்பதுதான் வழி. அடுத்தடுத்த வேறுபாடுகள் சமமா, அடுத்தடுத்த விகிதங்கள் சமமா என்று தெரிந்துவிடும்.

எண்ணிப்பார்:

வட்டி பேச்சு வந்ததால் கேட்கிறேன். 52 வாரச் சேமிப்புச் சவால் என்று ஒன்று அடிக்கடி சுற்றுமே, முதல் வாரம் 1 ரூபாய், இரண்டாம் வாரம் 2, கடைசி வாரம் 52. மொத்தம் 52 × 53 ÷ 2 = 1,378. இதையே தலைகீழாக, முதல் வாரம் 52இல் தொடங்கி 1இல் முடித்தாலும் 1,378தான். ஆர்வம் இருக்கும்போதே பெரிய தொகையைப் போட்டுவிடலாம் என்று சிலர் தலைகீழ் முறையைச் சொல்வார்கள். வட்டி கிடைக்கும் கணக்கில் போட்டால் எது எவ்வளவு நல்லது?

வட்டிக்கணக்கு:

எவ்வளவு ரூபாய் எத்தனை வாரம் தங்கியது என்று பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். ரூபாய்-வாரம் என்று வைத்துக்கொள்வோம்.

நேர் முறையில் 1 ரூபாய் 52 வாரம் தங்கும், 2 ரூபாய் 51 வாரம், … 52 ரூபாய் 1 வாரம். கூட்டினால் 24,804. தலைகீழ் முறையில் 52 ரூபாய் 52 வாரம், 51 ரூபாய் 51 வாரம், … 1 ரூபாய் 1 வாரம். அதாவது 1 முதல் 52 வரையிலான வர்க்கங்களின் கூடுதல், 48,230. கிட்டத்தட்ட இருமடங்கு! மொத்தச் சேமிப்பு ஒன்றுதான், வட்டி மட்டும் இருமடங்குக்கு அருகில்.

ஆனால் ஆசை காட்ட விரும்பவில்லை. ஆண்டுக்கு 6 விழுக்காடு தனிவட்டியில் நேர் முறைக்குச் சுமார் 29 ரூபாய், தலைகீழுக்குச் சுமார் 56 ரூபாய். 1,378 ரூபாய்க்கு அவ்வளவுதான் வரும். ஆகவே உங்களால் எதை இடையில் நிறுத்தாமல் செய்ய முடியுமோ அதைச் செய்யுங்கள்.

அரைக்கணக்கு:

நேர் முறையில் பலரும் கவனிக்காதது: 26 வாரம், அதாவது சரிபாதிக் காலம் முடியும்போது சேர்ந்திருப்பது 351 மட்டும், மொத்தத்தில் கால்வாசியைவிட ஓரிரு பிடி அதிகம். மீதி 1,027 பின்பாதியில் விழ வேண்டும். "பாதி வருஷம் ஒழுங்காகப் போட்டேன், ஒன்றுமே சேரவில்லை" என்று விட்டுவிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள் என்பது என் ஊகம். பரவளையம் அப்படித்தான் ஏறும்.

மாடிப்படி:

இன்றைக்கு அவளே ஒரு கணக்கு உருவாக்கினாள். உங்களிடம் போடச் சொல்கிறாள்.

"முதலாமவர் 500இல் தொடங்கி மாதம் 20 கூட்டுகிறார். இரண்டாமவர் 200இல் தொடங்கி மாதம் 50 கூட்டுகிறார். இரண்டாமவர் முதலாமவரை எந்த மாதத்தில் எட்டிப்பிடிப்பார்?"

நான் 11 என்றேன். 11ஆவது மாதம் இருவரும் 700 போடுகிறார்கள். "நீங்கள் இரண்டாவது வரிசையைப் பார்க்கிறீர்கள், நான் மூன்றாவது வரிசையைக் கேட்டேன்" என்று சொல்லிச் சிரிக்கிறாள்.

இரவுப்பூனை:

அக்கா மாட்டிக்கொண்டீர்கள்! முதலாமவருக்கு 10எ² + 490எ. இரண்டாமவருக்கு 25எ² + 175எ. சமப்படுத்தினால் 15எ² = 315எ, எ = 21. இருவரிடமும் 14,700 இருக்கும்.

ஆனால் கேள்வியில் "எட்டிப்பிடிப்பார்" என்று மட்டும் இருக்கிறது. எதில் எட்டிப்பிடிப்பார் என்று எழுதவில்லையே. அரை மதிப்பெண் அவளுக்கும் குறைக்க வேண்டும்.

அரைக்கணக்கு:

சமன்பாடே வேண்டாம். 11ஆவது மாதம் தவணை சமம். அதற்கு முன் பத்து மாதம் முதலாமவர் 300, 270, … 30 என்று கூடுதலாகப் போட்டிருக்கிறார். அதற்குப் பின் இரண்டாமவர் 30, 60, … 300 என்று அதே தொகைகளைத் தலைகீழ் வரிசையில் திருப்பிப் போட வேண்டும். அதற்கும் பத்து மாதம். 10 + 1 + 10 = 21.

மாடிப்படி:

இதைப் படித்துக் காட்டினேன். "அப்படியானால் 22ஆவது மாதம் இரண்டாமவர் 330 முன்னால் இருப்பார்" என்று உடனே சொல்லிவிட்டு, கேள்வியில் "மொத்தத் தொகையில்" என்று சேர்த்து எழுதிக்கொண்டு போய்விட்டாள்.